ஒரு சாண் அகலமான அச்சு

வாசகரே, உம்மை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவரின் கையில் மணி உண்டு. நேரம் முடிந்தால் அதை அடித்துப் பேச்சாளனை இருத்துகிற அதிகாரமும் உண்டு. நான் வேண்டுவது ஒரு சாட்சியை மட்டுமே. எங்கள் ஒழுங்கையின், அந்த ஒடுங்கிய சந்தின், முகப்பில் சற்று வந்து நில்லும். நடந்ததைப் பாரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கொழும்பிலிருந்து ஓர் ஆணி கூட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வர அனுமதியில்லாத காலம். அண்ணையின் ஜீப் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு மூடி பெற்றோல் ஊற்றி உசுப்பினால்தான் எழும்பும். நாள்தோறும் புத்தூர்த் தோட்டங்களுக்குள் இறங்கி, வெங்காய மூடைகளை ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகும். வீதிகள் குண்டும் குழியுமாய்ப் போனபின், வரம்போரத்து மண்பாதையே வீதியைவிட மேலாயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதற்கு வேறு கடமை, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. வலது காலில் ஆறாத புண். அந்தக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாதென்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜீப்பைப் பின்பக்கமாகச் செலுத்தி விறாந்தைப் படியோடு அணைத்தால், அம்மா எங்கள் தோளைப் பிடித்து ஒற்றைக் காலால் ஏறிவிடுவார். ஒருவரும் அவரைத் தூக்கவேண்டியதில்லை. அதைத்தான் அவர் பெரிதாக நினைத்தார்.

ஏனென்றால், எங்கள் ஒழுங்கையால் வெளியே போகிற எவரும் மாமா வீட்டு வாசல் படலையைக் கடந்துதான் போகவேண்டும். மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பல வருடங்களுக்கு முன், வேலி அடைக்கிற நாளொன்றில், அவர் எல்லையில் வேலிக்கு நட்ட கதியால் தடிகளைப் பிடுங்கி ஒழுங்கைப் பக்கமாகத் தள்ளி நட்டார் என்பது அம்மாவின் வழக்கு. வேலியடைக்க வந்தவர்களின் முன்னிலையிலேயே அம்மா அவரைக் கள்ளன் என்றார். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது. கதியால்களோ வேர்விட்டுக் கிளுவை மரங்களாய்ப் பருத்துவிட்டன.

ஒருநாள் மூடைகளோடு சேற்றில் புதைந்த ஜீப்பின் பின் அச்சு முறிந்தது. கொக்குவிலில் இருந்த கராஜில் எமக்கு இரண்டு வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, பழைய காரொன்றின் அச்சு. அகலம் எங்கள் ஜீப்புக்குப் பொருந்தும், ஆனால் மெலிவு. மற்றது, ஷெல்லடியில் உடல் சிதைந்துபோன பெரியதொரு ஜீப்பின் முன் அச்சும் பின் அச்சும். என் துடையளவு தடிப்பு. அகலமோ ஒரு சாண் அதிகம்.

"கார் அச்சுப் போதும். மெல்ல மெல்ல ஓடுவம்," என்றார் அண்ணை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான்கு கல்லூரிகளின் விவாத மேடைகளில் முதலிடம் பெற்றவன். கிறீஸ் படிந்த பீப்பாய் ஒன்றின் அருகே நின்று என் தரப்பை முன்வைத்தேன். சுமை குறையப் போவதில்லை என்றேன். பாதை திருந்தப் போவதுமில்லை. மெலிந்த அச்சு நடுவழியில் இன்னொரு முறை முறிந்தால், அது ஒரு வெள்ளிக்கிழமையாக இருந்தால், உள்ளே யார் இருப்பார் என்று கேட்டேன். அகன்று நிற்பது குழியில் சரியாது என்று முடித்தேன்.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி சிரித்தார். "தம்பிக்கு மைக் தேவையில்லை. ஆனா உவர் சொல்லுறது சரி. கார் அச்சைப் போட்டால் மாரிக்கு முதல் திரும்ப இஞ்சைதான் வருவியள்."

"உவன் கதைச்சால் வெங்காயமும் தானாய் மூடைக்குள்ளை ஏறும்," என்றார் அண்ணை. பிறகு தாடையைச் சொறிந்தார். "ஒழுங்கைக்குள்ளை போகுமோடா?"

அளந்தோம். ஆனால் எங்கே அளந்தோம் என்பதைக் கவனியும். ஒழுங்கையின் முகப்பில் அளந்தோம். எங்கள் ஊரில் எல்லை வேலியருகே ஒருவன் அளவு நூலோடு நின்றால், நின்ற காரணத்தை எவரும் கேட்கமாட்டார்கள். அடுத்த நாள் எதிர்நூலோடு ஒருவர் நிற்பார், அதற்கடுத்த நாள் கத்தியோடு. அதனால் மாமாவின் படலையடியைக் கண்ணால் மட்டும் அளந்துவிட்டு வந்தோம். போகும் என்று கண் சொன்னது.

அச்சுகள் பூட்டப்பட்டன. சில்லுகள் இருபுறமும் அரைச் சாண் வெளியே தள்ள, ஜீப் கொழுத்த காளைபோல் வந்து ஒழுங்கைக்குள் நுழைந்தது. மாமாவின் படலையடியில் இறுகி நின்றது. ஒரு பக்கம் அயல்வீட்டுச் சீமெந்து மதில், மறுபக்கம் கிளுவை. உரஞ்சிக்கொண்டு போகவும் இடமில்லை. அண்ணை பின்னுக்கெடுத்தார்.

கராஜுக்கே திரும்பப் போனோம். "அச்சை வெட்டிக் குறைச்சு ஒட்டலாம்," என்றார் மெக்கானிக். "பிறகு நடு றோட்டிலை சில்லுக் கழண்டால் என்னைத் தேடாதையுங்கோ." கார் அச்சையோ அதற்குள் வேறொருவர் கொண்டுபோய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அம்மா என்னைக் கூப்பிட்டார். சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "நீதானே கதைக்கிறனி. போய்க் கேள். படலையடியிலை நிக்கிற அந்த ஒரு கதியாலை மட்டும் உள்ளுக்கு எடுக்கட்டாம். நான் கேட்டனான் எண்டு சொல்லு."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை நான் கண்டேன்.

மாமா முற்றத்தில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வணங்கினேன். தொடக்கவுரையில் உறவைச் சொன்னேன். நடுவில் நோயைச் சொன்னேன். ஒரு கதியாலால் எல்லை மாறாது என்று எழுத்தில் தரவும் ஆயத்தம் என்றேன். இறுதியில் அம்மா கேட்டதாகச் சொன்னேன். என் குரல் எங்கும் தளும்பவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார் மாமா. "நல்லாயிருந்தது. பொங்கல் விழாவிலையும் உப்பிடித்தான் கதைச்சனி. நானும் கைதட்டினனான்."

"மாமா, வேலி…"

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையே. தறிச்சு உள்ளுக்கு நட ஒரு சின்ன நேரம் போதும். கொம்மாவை வந்து கேக்கச் சொல்லு."

"அவதான் அனுப்பினவ."

"அனுப்பத் தெரிஞ்சவவுக்கு வரத் தெரியாதோ?"

"அவவாலை நடக்கேலாது, மாமா."

"வாய்க்கு வருத்தமில்லைத்தானே? நாலு பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளன் எண்ட வாய்." அவர் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதை அப்படியே அம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் "ம்" என்றார். காலைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவரைப் பிரம்புக் கதிரையில் இருத்தி நானும் அண்ணையும் தூக்கினோம். அம்மா தலையை வாரிக் கோடாலி முடிச்சிட்டு, ஆஸ்பத்திரிப் பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். மாமாவின் படலை நெருங்கவும் என் விரல்கள் விறைத்தன. கதிரை ஒருபக்கம் சரிந்தது. வேறு வழியில்லாமல், சரியாக அந்தப் படலைக்கு முன்னால், அதை நிலத்தில் வைத்தோம்.

மாமா உள்ளே நின்றார். படலையைப் பாதி திறந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காத்திருந்தார் என்பது தெரிந்தது. அக்காவின் காலை ஒருமுறை பார்த்தார்; தொண்டையைச் செருமினார். ஒரு சொல்லை யாராவது முதலில் சொன்னால் போதும். அம்மா சொல்லட்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன். மாமா சொல்லட்டும் என்றும் மன்றாடினேன். ஆயிரம் பேர் முன் பேசிய நான், அந்த இருவருக்கும் இடையில் நாவசையாமல் நின்றேன்.

அம்மா கிளுவையைப் பார்த்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "தூக்குங்கோடா. நேரம் போகுது."

தூக்கினோம். பின்னால் படலை மூடப்படுகிற ஒலி கேட்டது.

முகப்பில் நின்ற ஜீப்பில் ஏற்றினோம். சொல்லத்தான் வேண்டும்: அந்த அச்சுகளில் பிழையில்லை. பெரிய குழிகளிலும் வண்டி சரியாமல் போனது. அம்மாவின் கால் ஒருமுறையும் அதிரவில்லை. அவர் வெளியே பார்த்தபடி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணை கண்ணாடியில் அவரைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக ஓட்டினார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாக, இருவருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்:

"அம்மா, இனி எத்தினை வெள்ளி தூக்கினாலும், என்ரை கை கழண்டாலும், அந்தப் படலையடியிலை உங்களை நான் இறக்கமாட்டன்."