கிராணியார் அச்சடிக்காமல் விட்ட தேங்காய்கள்

மலாய் நாட்டின் இந்தத் தீவுப் பட்டணத்தில், டத்தோ கிராமாட்டில் இன்றைக்கு நிற்கிற பெரிய மாட்டுக் கொட்டகை என்னுடையது. அதன் பக்கத்துக் கிணறு நான் வெட்டியது; பாறை இருக்கிறது, தண்ணீர் வராது என்று கூலியாட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போன இடத்தில் நானே இறங்கி வெட்டினேன். துறைமுகத்திலிருந்து கிட்டங்கிகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகிற வண்டிகளில் பாதி என் வண்டிகள். இரண்டு கடைவீடுகள் இருக்கின்றன. இப்போது ஒரு லோரியும் இருக்கிறது. தைப்பூசத்தில் ரதத்தை என் மாடுகள் இழுத்திருக்கின்றன. கூலியாகக் கப்பலேறி வந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். மீதி எழுத்தையெல்லாம் மூட்டைகளின் மேல் மை போட்டு எழுதியிருந்ததைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இவ்வளவையும் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாதென்றால் எதற்காக இத்தனை பாடுபட வேண்டும்?

இந்தக் கணக்கில் இன்னொன்றும் சேர வேண்டும். என் மச்சானின் மளிகைக் கடை. அதைக் கட்டியது நானல்ல. விழாமல் பிடித்து நிறுத்தியது நான். அந்தப் புகழ் இப்போது பத்துக் காசு விலை போட்ட ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்துக்குப் போயிருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புத்தகத்தை எழுதியவர் ஒரு கிராணியார். அரசாங்க ஆபீசில் உத்தியோகம். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டும் கையில் குடையுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகசாலைக்கு வந்து, கடனிலிருந்து மீள்வது எப்படி என்று பேசுவார். ரப்பர் விலை விழுந்து ஊரே தலையில் கை வைத்திருந்த காலம். கேட்பதற்கு இடம் கொள்ளாத கூட்டம். பேச்சு ருசித்தது; உடனே அச்சடித்துவிட்டார். அந்த மனிதர் வாழ்நாளில் பட்ட கடன் தையற்காரனிடம் பட்டதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர் அவர். தனக்குச் சரிப்பட்டதை ஊருக்கெல்லாம் மருந்தாக எழுதிக் கொடுத்தார்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அந்த மருந்தைக் குடித்தான்.

அவன் கடை டத்தோ கிராமாட் சாலையில், ரதம் போகிற பாதையில் இருந்தது. கடலுக்கு அக்கரையிலுள்ள நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கங்காணிமார் வந்து அரிசியும் மிளகாயும் கருவாடும் கடனுக்கு எடுத்துப் போவார்கள். சம்பளம் போட்டதும் கொடுப்பார்கள். ரப்பர் விழுந்ததும் தோட்டங்களில் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மிஞ்சியவர்களுக்கும் அரைச் சம்பளம். மச்சானுக்கு வர வேண்டியது வரவில்லை. அவன் வட்டிக்கடையில் புரோநோட்டு எழுதி வாங்கிய பணம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. கடை போனால் அவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் கப்பலேற வேண்டியதுதான். ஊரில் அவனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

அந்த நேரத்தில் புத்தகத்தை வாங்கி வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தான். சாமி பாட்டு வாசிப்பதைப் போல வாசித்தான். செலவாகிற ஒவ்வொரு காசையும் எழுது என்றது புத்தகம். சரி, அதில் எனக்குச் சண்டையில்லை. வீண் செலவை நிறுத்து என்றது. கடைக்கு வருகிற கங்காணிக்குக் கொடுக்கிற தேத்தண்ணியையும் சுருட்டையும் மச்சான் நிறுத்தினான். கங்காணிமார் வந்தார்கள், வெறும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், எழுந்து அடுத்த கடைக்குப் போனார்கள். கடனில் சின்னதை முதலில் அடை, மனதுக்குத் தெம்பு வரும் என்றது. மச்சான் பால்காரனுக்கும் துணிக்கடைக்காரனுக்கும் தேடிப் போய்க் கொடுத்தான். அவர்கள் இருவரும் கேட்கவே இல்லை. கேட்காமல் இன்னும் ஒரு வருஷம் இருந்திருப்பார்கள். அவனுக்குத் தெம்பு வந்தது. அந்த மாதம் புரோநோட்டுக்கு வட்டி கட்டப் பணம் இல்லை.

தைப்பூசம் வந்தபோது புத்தகம் சொன்னது: திருவிழாச் செலவை முதலில் வெட்டு.

இந்த ஊரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் பட்டணத்திலிருந்து கிளம்பித் தண்ணிமலைக் கோயிலுக்குப் போகும். வழியில் ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நிற்கும். கடைக்காரன் அர்ச்சனைத் தட்டெடுப்பான்; வாசலில் குவித்து வைத்த தேங்காய்களை ரோட்டில் வீசி உடைப்பான். பக்திதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரதத்தோடு வெறுங்காலில் நடந்து வருகிறவர்கள் யார்? வட்டிக்கடை முதலாளிகள், அவர்களுடைய ஏஜண்டுகள், அரிசி மண்டிக்காரர்கள். பட்டணத்திலிருந்து மலை வரைக்கும் நடந்து முடிக்கும்போது எந்தக் கடை எழுந்து நிற்கிறது, எது உட்கார்ந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் கேட்க வேண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம். தேங்காய்க் குவியல் சொல்லிவிடும். வாசகசாலையில் உட்கார்ந்திருக்கிற கிராணியாருக்கு இது எப்படித் தெரியும்?

என் மனைவி தம்பியிடம் போய் மன்றாடினாள். சாமிக்குச் செய்வதில் கணக்குப் பார்க்காதே என்றாள். புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது அக்கா என்று அவளுக்குப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினானாம்.

அந்த வருஷம் ரதத்தில் என் மாடுகளைப் பூட்டியிருந்தார்கள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நான் முன்னால் நடந்து வந்தேன். மச்சான் கடைக்கு முன்னால் ரதம் நின்றது. வாசலில் ஒரு தட்டு, தட்டில் ஒரு தேங்காய். முந்தின வருஷம் முழங்கால் உயரம் குவித்தவன். புரோநோட்டு வைத்திருந்த கடையின் ஏஜண்டு எனக்கு இரண்டடி தள்ளி நின்றார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வண்டிக்காரரே, போன வருஷம் ரோட்டை மறிச்ச கடை இதுதானே?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அவர் கடை வாசலுக்கு வந்து, கொடுத்த முதல் பணத்தை மரியாதையாகத் திருப்பிக் கேட்பார். அவர் கேட்டார் என்று தெரிந்தால் அரிசி மண்டிக்காரன் கேட்பான். அதோடு முடிந்தது. நான் யோசிக்கவில்லை. வாய் தானாகவே பேசியது.

"இதே கடைதாங்க. தேங்காய் அக்கரையிலேர்ந்து இன்னும் வந்து சேரல. ரதம் திரும்பி வரும்போது பாருங்க."

"பாக்கறேன்" என்றார். சிரிக்கவில்லை.

ரதம் தைப்பூச நாள் முழுவதும் மலையில் இருக்கும். அதற்கு மறுநாள் சாயங்காலம் திரும்பும். அதற்குள் நான் வாயால் வரவழைத்த தேங்காய் கையால் வந்தாக வேண்டும். மாட்டை என் தலைமை வண்டிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அக்கரைக்குப் படகேறினேன். கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் ஒரு மலாய்க்காரருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அவருடைய கொப்பரையை நான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். கையில் காசில்லை, தேங்காய் வேண்டும், அதற்குப் பதிலாக உங்கள் கொப்பரையைக் கூலியில்லாமல் ஏற்றித் தருகிறேன் என்றேன். எவ்வளவு தேங்காய் என்று கேட்டார். ஒரு தொங்கான் படகு கொள்ளுகிற அளவு என்றேன். கல்யாணமா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் ஆட்களை மரமேறச் சொன்னார். எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. என் சொல்லுக்கு அந்தக் கரையிலும் விலை இருந்தது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடன் தீர்க்கக் கடன் வாங்காதே என்று கிராணியார் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். நான் அதைத்தான் செய்தேன்.

என் வண்டிகள் துறையிலிருந்து வரிசையாக வந்து கடை வாசலில் தேங்காயைச் சரித்தபோது மச்சான் ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"அத்தான், கழுத்து வரைக்கும் இருக்கு. இதுல இன்னொரு கடனா?"

"உன் கடன் இல்லடா, என் கடன். நீ வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு உடை."

விளக்கேற்றுகிற நேரத்துக்கு ரதம் திரும்பி வந்தது. குவியல் கடைப் பலகைக்கு மேலே நின்றது. மச்சான் உடைத்தான், நான் உடைத்தேன், என் வண்டிக்காரர்கள் எல்லாரும் உடைத்தார்கள். சாலையில் தேங்காய்த் தண்ணீர் ஓடியது. சிரட்டையில் கால் வைக்க இடமில்லாமல் ரதம் நின்றுவிட்டது. ஓரமாக வாரித் தள்ளிய பிறகுதான் மாடுகள் நகர்ந்தன. ஏஜண்டு கணுக்கால் நனைய நின்று கடைசித் தேங்காய் வரைக்கும் பார்த்தார். போகும்போது மச்சானிடம், "வேட்டி நனைஞ்சு போச்சே முதலாளி" என்றார். முதலாளி என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு என் மனைவி கடைக்குள்ளே போய் அழுதாள்.

ஏஜண்டு ஏமாந்துவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தவணையை நீட்டிப் புரோநோட்டை மாற்றி எழுத மச்சானோடு நானும் போனேன். அவர் எழுதி முடித்து, மையைக் காயவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தேங்காய் யாருதுன்னு நான் கேக்கல. இவருக்காக ஓடறதுக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு அது போதும்."

கிராணியார் புத்தகம் முழுவதும் தேடினாலும் இந்த விஷயம் கிடைக்காது. கடன்பட்டவன் தனியாக அறையில் உட்கார்ந்து மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதுகிறார். கடன் கொடுத்தவன் பார்ப்பது மனத்தையா? யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்கிறான்.

இன்னொன்றும் அதில் இல்லை. நீ கொடுக்க வேண்டியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. உனக்கு வர வேண்டியதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நோட்டு மாறி மூச்சு விட நேரம் கிடைத்ததும் மச்சானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நிபோங் திபால் தோட்டங்களுக்குப் போனேன். கங்காணிமார் எங்களைக் கண்டு ஒளிந்தார்கள். காசு வேண்டாம், இருப்பதைக் கொடுங்கள் என்றேன். ஒருவர் கோழி கொடுத்தார். ஒருவர் பாக்கு, ஒருவர் மரவள்ளி, ஒருவர் விறகு. ஒரு கங்காணி ஆட்டைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, இதோட கணக்கு சரிதானே, இனிமே உங்களப் பாத்தா நான் ஓட வேணாமே" என்று கேட்டார். நாங்கள் எல்லாருமே சிரித்தோம். அதையெல்லாம் இக்கரைக்குக் கொண்டுவந்து பாசாரில் விற்றோம். திரும்பத் திரும்பப் போனோம். பெஞ்சில் மறுபடியும் தேத்தண்ணி வந்தது, கங்காணிமாரும் வந்தார்கள். நோட்டைக் கிழித்த அன்றைக்கு மச்சான் என் காலைத் தொட்டான். தோப்புக்காரருக்கு நான் பட்ட கடனையும் கொப்பரை ஏற்றியே தீர்த்தேன்.

அப்புறம் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் புதிதாக ஒரு பக்கம். இந்நகரில் மளிகை வியாபாரம் செய்யும் கண்ணியமான ஒருவர் இந்நூலின் விதிகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக் கடனிலிருந்து மீண்டார் என்று போட்டிருக்கிறது. கிராணியார் கடைக்கு வந்து விசாரித்தாராம். எல்லாம் உங்கள் புத்தகத்தால்தான் ஐயா என்று மச்சான் சொன்னானாம்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கல்லாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அத்தான், கடன் தேங்காய்னு வெளிய சொன்னா அடுத்த பூசத்துக்கு எவன் தேங்காயையும் எவனும் நம்பமாட்டான்லா. என் தேங்காயையும் சேத்துத்தான்."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடை நடத்துகிறவன் அப்படித்தான் யோசிப்பான். அதற்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

கிராணியாரிடமும் நேரே போனேன். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதைப் போட்டால் படிக்கிறவர்கள் தேங்காய் வாங்கக் கடன் வாங்கிவிடுவார்கள், பொது நன்மைக்கு உகந்ததல்ல என்றார். உங்கள் புத்தகத்தைப் படித்து ஒருவன் ஒற்றைத் தேங்காயோடு நடுத்தெருவில் நின்றானே, அது எந்த நன்மை என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

மூன்றாம் பதிப்பு வரப்போகிறது என்று கேள்விப்படுகிறேன். கணக்கு எழுதச் சொன்னது நல்லதுதான். மச்சான் எழுதி வைத்ததால்தான் தோட்டங்களில் யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த அளவுக்கு அவருக்குச் சேர வேண்டியதை நான் கொடுத்துவிட்டேன். எனக்குச் சேர வேண்டியதை அவர் கொடுக்கட்டும். மச்சானின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தக் கடை நின்றது வண்டிக்காரர் ஒருவர் அக்கரையிலிருந்து கடனுக்குக் கொண்டுவந்த தேங்காயால் என்று போட வேண்டும். பக்கத்தின் அடியில் என் பேரைப் போட வேண்டும், என் தகப்பனார் பேரோடு, எழுத்துப் பிழையில்லாமல். அச்சுக்கூலி அதிகமானால் அந்தப் பக்கத்துக்கு உண்டானதை நானே கட்டுகிறேன்.