மணல் நிரப்பாத இன்ஜின்

தகரத்தில் காயும் மணலுக்கு ஒரு வாசனை உண்டு. வெறும் வாணலியை அடுப்பில் மறந்துவிட்டால் வருமே, அதுபோல. எழுபதுகளில் சவுதியின் கிழக்கே, ஹொஃபூஃப் பக்கம் நாங்கள் இருந்தபோது, ரயில்வே ஷெட்டை ஒட்டிய எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாசனைதான். அப்பா பொன்மலையில் வேலை பழகிய இன்ஜின் மெக்கானிக். வாரம் ஒருமுறை மட்டும் வண்டி ஓடிய கிளைப்பாதை ஒன்று கல்குவாரிக்குப் போனது. அந்த டீசல் இன்ஜின் அவர் பொறுப்பு, வண்டியோடு அவரும் போய்வருவார். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும், அதற்கான "மண்ணுப்பொட்டி"யில் காயவைத்துச் சலித்த பருமணலைத்தான் நிரப்பலாம், மாவு போன்ற பாலைவன மணல் உதவாது. "பாலைவனத்துக்கு வந்து மணல் சலிக்கிற ஒரே ஆம்பள உங்கப்பாதான்" என்று அம்மா கேலி செய்வாள்.

சனிக்கிழமை காலை, காலி வேகன்களோடும் கடைசியில் ஒரு தண்ணீர் வேகனோடும் வண்டி புறப்படும். குவாரி கேம்ப்பில் இருந்த நாற்பது பேருக்கும் அந்தத் தண்ணீர்தான். வியாழக்கிழமை கல்லோடு திரும்பும்போது முருகேசன் சித்தப்பா அதில் தொற்றிக்கொண்டு வருவார். சொந்தமில்லை, பரமக்குடிக்காரர், குவாரியில் கல் உடைப்பவர்; வெள்ளிக்கிழமை எங்களோடு இருந்துவிட்டு, சனிக்கிழமை அதே வண்டியில் திரும்புவார். "மதினி வைக்கிற சாம்பாருக்காகத்தான் டூட்டியே பாக்குறேன்" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. அந்த ஊரில் பூஜை வெளியே தெரியக் கூடாது என்று ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, சரஸ்வதி படத்தின் முன் என் புத்தகங்களோடு அப்பாவின் ஸ்பானர்களையும் சல்லடையையும் வைத்துப் பொட்டிட்டோம். மறுநாள் பூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. "ஆயுதத்துக்கும் ஒருநாள் ஓய்வு குடுக்கணும்" என்பது அம்மாவின் வாக்கு. சாயங்காலம் அப்பா சல்லடையை எடுக்கக் கை நீட்டினார். "எடுத்தா எனக்குப் படிப்பு வராதுப்பா" என்று நான் அழுதேன். எட்டு வயதில் எனக்குப் படிப்பைவிட அழுகை நன்றாக வரும். "சரி விடு, பொட்டியில பாதி இருக்கு" என்று அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

இரவெல்லாம் காற்று. மறுநாள் பாதி வழியில், ஏற்றத்தில், மண் மூடிய தண்டவாளத்தில் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை, பெட்டியும் காலி. கையால் அள்ளிப் போட்ட பாலைவன மணலில் இன்னும் வழுக்கியது. பின்னோக்கியே திரும்பிப் போய், மணல் நிரப்பிக்கொண்டு நாளை வரலாம் என்று அப்பா சொன்னதை முருகேசன் சித்தப்பா கேட்கவில்லை. "அண்ணே, கேம்ப்புல பயலுக நாக்கு வறண்டு கெடப்பாய்ங்க. தண்டவாளத்தப் புடிச்சே நடந்தா பொழுது சாயிறதுக்குள்ள போயிருவேன்" என்று இரண்டு கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்ச் சேர்ந்தபோது கேம்ப் தொட்டியில் இன்னும் ஒரு நாளைக்குத் தண்ணீர் இருந்தது. அவர்தான் வந்து சேரவில்லை. தண்டவாளம் மண்ணில் புதைந்த இடத்தில் வழிதவறி, இரண்டு மைல் தள்ளிக் கிடந்தார். ஒரு கேனின் மூடி திறக்கப்படவே இல்லை என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

விசாரிக்க வந்தவர்களிடம் "நிரப்ப மறந்துட்டேன்" என்றார் அப்பா. வேலை போயிற்று, ஊர் திரும்பினோம். கடைசிவரை அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கிளைப்பாதை இப்போது இல்லை; தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டதாகக் கேள்வி. அப்பாவும் இல்லை. முருகேசன் சித்தப்பாவுக்கு என் வயதில் ஒரு மகள் உண்டு. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல இனி நான் ஒருத்திதான் மிச்சம். திருச்சியிலிருந்து பரமக்குடிக்குத் தினமும் ரயில் போகிறது. இரண்டு முறை டிக்கெட்டும் எடுத்துவிட்டு, ஏறாமல் வீடு திரும்பியிருக்கிறேன்.