சித்தப்பா ஏற்றிய கூண்டு

சித்தப்பா மகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அப்போது நாங்கள் இருவரும் ஒன்பது வயதுச் சிறுமிகள். அவளுடைய அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவர். கடலில் புயல் என்று கொழும்பிலிருந்து தந்தி வந்தால், அவர்தான் கறுப்புக் கூண்டைக் கொடிமரத்தில் ஏற்றுவார். கயிற்றை அவளே இழுத்தது மாதிரி எங்கள் திரேஸ்புரமே அவளிடம் போய் விசாரிக்கும். என் அப்பா வெறும் வள்ளக்காரர். என்னிடம் யார் என்ன கேட்பார்கள்?

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், அப்பா என்னை வள்ளத்தில் முயல்தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவள் போகாத இடம்! ஒரு வாரமாக அவள் காதில் விழும்படி அதையே பேசிக்கொண்டு திரிந்தேன்.

புறப்படுகிற அன்று மற்ற வள்ளக்காரர்கள் வருமுன்பே கரைக்குப் போய்விட்டோம். வானம் பளிச்சென்று இருந்தது. அப்பாவுக்குத் தூரத்துப் பார்வை மட்டு. பாயைச் சரிசெய்துகொண்டே, "ஏளா, கூண்டு ஏறியிருக்கா, பாரு" என்றார்.

பார்த்தேன். ஏறியிருந்தது.

"இல்லப்பா" என்றேன்.

வள்ளம் நகர்ந்ததுதான் தாமதம், சித்தப்பா மகள் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து கத்தினாள். "பெரியப்பா, போவாதிய! கொழும்புலேருந்து தந்தி வந்துட்டு! கூண்டு ஏத்தியாச்சு!"

அப்பா வள்ளத்தைத் திருப்பினார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. ஒரு பார்வை பார்த்தார். பிறகு, நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கட்டுச்சோற்றைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். அந்தத் தோள் என்னுடையது.

புயல் வரவில்லை. நாலு தூறல் போட்டதோடு சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கொழும்புக்காரன் புளுகிட்டான்" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு பெரிய சரக்குத் தோணி வந்தது. புயல் திசைமாறி அந்தக் கரையிலேயே ஏறிவிட்டதாம். கடலோரத்தில் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். சித்தப்பா அன்று சோற்றைத் தொடவில்லை. அங்கே அனுப்பத் தெருவில் கருவாடும் கருப்பட்டியும் துணியும் சேர்த்தார்கள். கரையோரம் ஆழமில்லை என்பதால் தோணி தூரத்தில்தான் நிற்கும். அதுவரை மூட்டைகளைக் கொண்டுபோக அப்பா தன் வள்ளத்தைக் கொடுத்தார்.

"நானும் வாரேன்ப்பா" என்றேன்.

"ஏளா, எடம் இல்ல."

நான் உட்கார வேண்டிய பலகையில் ஒரு சாக்குமூட்டை உட்கார்ந்திருந்தது. தங்கள் தலைக்கு மேல் காற்று சுற்றுகிற நேரத்திலும் எங்களுக்குத் தந்தி அடித்தவர்களுக்குத்தான் அது போகிறது என்பது அப்போது என் புத்திக்கு உறைக்கவில்லை. முகம் தெரியாத அந்தக் கொழும்புக்காரர்கள் மேலும் அன்று எனக்குப் பொறாமை வந்துவிட்டது.