சவரி அண்ணனின் ஐந்து நாள்கள்

செய்தி வந்தபோது நான் பாசாரில் மீன்காரர் முன்னால் நின்றிருந்தேன். அவர் ஒரு திங்கிரி மீனின் தலையை ஒரே வெட்டில் பிளந்தார். இரத்தம் என் சட்டையில் தெறித்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. சவரிமுத்து அண்ணனின் மகன்.

"மாமா, அப்பா போயிட்டாரு. பசியாறிட்டு நாற்காலில சாஞ்சாரு. அவ்வளவுதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். அவருக்கா நாற்காலிச் சாவு? எமன் பதினாறு அடியாட்களோடு வந்து, அதில் எட்டுப் பேர் கைகால் முறிந்து திரும்பியிருக்க வேண்டும். அண்ணன் கத்தோலிக்கர்தான். ஆனாலும் அவரை அழைத்துப்போக வானதூதர் எவருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

பிறை ஊர்ப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெல்டராக இருந்த கை அவருடையது. அது ஓங்கினால் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பிய ஃபெரி பாதிக் கடலில் யோசிக்கும். அவரை அறிந்த உங்களுக்கு இதெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு இன்னொரு கதையும் தெரியும், அதைச் சொன்னவன் நான்தான். இருபத்து மூன்று வயதில் அவரும் நண்பர் வேலுவும் இரவல் படகில் மீன் பிடிக்கப் போனதும், இயந்திரம் நின்றதும், அண்ணன் மட்டும் திரும்பி வந்ததும். நாற்பது நாள் என்பேன். லாரி நீளச் சுறா என்பேன். அதன் தாடையை அண்ணன் வெறுங்கையால் கிழித்தார் என்பேன். கல்யாண வீடுகளில் ரசம் ஆறிப்போகும்வரை சொல்லியிருக்கிறேன்.

அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. "மணி சொன்னா சரியாத்தான்லா இருக்கும்" என்று தேநீரைக் கலக்குவார்.

தைப்பூசத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள். ரதம் வருமுன் சாலையில் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அந்தக் கூட்டத்தில் கழுத்தில் சிலுவையும் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுமாக ஒருவர் நிற்பார். படகில் வேலு, கரை சேர்ந்தால் முருகனுக்கு நூற்றொரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாராம். "உங்க மாதா ஒரு மெழுகுவத்தில திருப்தியாயிடும்டா. எங்க ஆளுக்குச் செலவு ஜாஸ்தி" என்றாராம். வேலு கரை சேரவில்லை. ஆனால் அந்த வேண்டுதல் தேங்காய்களை ஆண்டுதோறும் அண்ணன் உடைத்தார். மற்றவர்கள் உடைப்பதைப் போல அல்ல. யாரையோ கொல்வதைப் போல. ஒருமுறை சிதறிய ஓடு என் காதைக் கிழித்தது. "கிட்ட வராதன்னு சொன்னேன்ல" என்றாரே தவிர, கை நிற்கவில்லை. நட்பு என்று ஊரே உருகியது. நானும் உருகினேன், காதில் பஞ்சோடு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பகல் காட்சிக்கு அவரை நான்தான் இழுத்துப் போனேன். கடலில் தனியாக மிதந்து, கடவுளோடு மல்லுக்கட்டிக் கரை சேரும் ஒருவனைப் பற்றிய படம். திரை முழுக்கத் தண்ணீர். ஓரிடத்தில் இரவுக் கடல் நீலமாக ஒளிர்ந்தது. அவன் கை பட்ட இடமெல்லாம் வெளிச்சம். மேலேயும் கீழேயும் நட்சத்திரம், படகு வானத்தில் தொங்குவது போல இருந்தது. முன் வரிசையில் பருத்த ஒரு மனிதர், "ஐயோ, என்னா அழகு" என்றார்.

அண்ணன் எழுந்து அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இருக்கைக்கு மேலாகத் தூக்கினார். "என்னடா அழகு? எது அழகு?" அந்த மனிதர் குத்தினார். அண்ணன் திருப்பிக் குத்தினார். நடுவில் புகுந்த என் மூக்கு இருவருக்கும் பொதுவானது. காவலாளிகள் எங்களை வெளியே தள்ளினார்கள். படத்தின் முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது.

கார் நிறுத்துமிடத்தில் உச்சி வெயில். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "படந்தானே அண்ணே" என்றேன்.

"அப்படித்தான்டா இருந்துச்சு" என்றார். "அதைவிட அழகா இருந்துச்சு. அந்த வெளிச்சத்துலதான் அவன அடிச்சேன்."

அங்கேயே, காடியின் சூடேறிய கதவில் முதுகைச் சாய்த்துச் சொன்னார். கடலில் இருந்தது ஐந்து நாள். சுறா எதுவும் இல்லை. பகலில் வேலு முருகனைக் கூப்பிட்டார், இரவில் இவர் செபமாலை சொன்னார். மூன்றாம் நாள் எந்தச் சாமி செவிடு என்று அடித்துக்கொண்டார்கள். நான்காம் இரவு கடல் ஒளிர்ந்தது. வேலு, முருகன் இளநீர் அனுப்பியிருக்கிறான் என்று சிரித்தபடி கடல் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார். தடுத்தால் கடித்தார். அண்ணன் துடுப்பை எடுத்து ஓங்கி அடித்தார். தலையில் பட்டது. விடியும்போது மூச்சு இல்லை. முருகனுக்கான பாட்டு எதுவும் தெரியாததால் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக் கடலில் விட்டார். அன்று மாலையே ஒரு மீன்பிடிக் கப்பல் இவரைத் தூக்கியது. தாகத்தில் செத்தான் என்று வேலுவின் வீட்டில் சொன்னார்.

"தண்ணி கொன்னுச்சா, நான் கொன்னேனான்னு தெரியலடா. நீ சுறான்னு சொல்றப்பல்லாம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அரை நூற்றாண்டாக ஒரு மனிதரின் குற்றத்துக்கு நான் வெள்ளையடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் இலவசமாக.

"சுங்கை பாக்காப் ஊருக்குக் காடிய விடு" என்றார்.

அங்கே வேலுவின் தங்கை ருக்கு அக்கா இருந்தார். நாங்கள் போனபோது ஈர்க்குமாற்றால் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். "வா சவரி. மணி மூக்க யாரு ஒடச்சா? உக்காரு, தண்ணி தரேன்."

"தண்ணி வேணாம் ருக்கு. குடிச்சிட்டா சொல்ல வராது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா ஈர்க்குமாற்றைத் திருப்பிப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். முகத்தில், தோளில், மறுபடி முகத்தில். எழுபதை நெருங்கியவர் கையில் அவ்வளவு வேகம். அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. கன்னத்தில் இரத்தக் கோடுகள் விழுந்தன. நான் தடுக்கப் போனபோது எனக்கும் இரண்டு விழுந்தது.

மூச்சிரைக்க நின்றவர் கேட்டார்: "கடைசியா என்ன சொன்னான்?"

நான் சும்மா இருப்பேனா? நாற்பது நாளைப் படைத்த வாய் ஆயிற்றே. "உங்க பேரத்தான்க்கா சொன்னாரு" என்றேன்.

அண்ணன் திரும்பி என்னை அறைந்தார். முழுக் கை. கால் இடறிச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தேன்.

"ஒன்னும் சொல்லல ருக்கு" என்றார். "அடிச்சப்புறம் அவன் பேசல."

அக்கா ஈர்க்குமாற்றைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "தாகத்துல செத்தான்னு சொன்னியேடா" என்றார். "இத்தன வருசமா ஒரு கிளாஸ் தண்ணி எனக்கு ஒழுங்கா எறங்கினதில்ல, தெரியுமா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்குப் பஸ் ஏறி வந்தார். அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று நூற்றொன்றில் பாதியை அவர் உடைத்தார். அதன்பின் இரண்டு ஆண்டும் அப்படியே.

அன்று ருக்கு அக்கா வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் பாலத்தின் மேல் அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "நான் போனப்புறம் எதையாச்சும் எழுதுவ. அப்ப உள்ளத எழுது." அடக்கத்தன்று ருக்கு அக்காவிடம் அனுமதி கேட்டேன். சவப்பெட்டி மேல் வைத்த கையை எடுக்காமல், "எழுது" என்றார். "கூட்டாத, கொறைக்காத."

ஆகவே, என்னிடம் கதை கேட்டவர்களே, திருத்திக்கொள்ளுங்கள். சுறா இல்லை. ஒரு துடுப்பு இருந்தது, ஒரு அடி விழுந்தது, நண்பர் செத்தார். அடித்தவர் ஐம்பது ஆண்டு கழித்துத் தானே நடந்து போய்ச் சொன்னார்.

அவருடைய ஹெல்மெட்டை மகன் வைத்துக்கொண்டான். எனக்கு அன்று கன்னத்தில் வாங்கிய அறை போதும். இதை எழுதும்போதுகூட ஆறாவது நாள் ஒன்று பேனா முனைவரை வந்தது. இடது கன்னம் சுட்டது. ஐந்து என்றே எழுதினேன்.