மூன்றாவது குரல்

பிள்ளைகளே, நீங்கள் ஒரு தரம் கூப்பிட்டதுமே நான் எழுந்து ஓடிவருவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அதற்குக் காரணம் உங்கள் சித்தப்பா.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் நாங்கள் இருவரும் புதுச்சேரியிலிருந்து ஒரு மலைப் பூங்காவுக்குப் போனோம். அங்கே பாறை தானாகவே வளைந்து பாலமாக நின்றது. அதனடியில் அருவி விழுந்தது. ஆளில்லாத நீர்த்துறையில் பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

“உன் மூஞ்சியப் பாத்தா பேயே ஓடிடும்ண்ணே,” என்று சிரித்தபடி அவன் பாலத்தின் மேல் ஏறினான். நான் கீழே வேட்டியை அலசிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே!”

சீண்டுகிறான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே!”

மூன்றாவது குரல் வரவில்லை. அவனுடைய துண்டு அருவியோடு இறங்கி வந்தது. மேலே ஏறிப் பார்த்தபோது, பாலத்தின் விளிம்புப் பாசியில் அவன் விரல்கள் இழுத்த கோடுகள் இருந்தன.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, புதுச்சேரியில் எங்கள் உப்பளம் வீட்டுக் கொல்லைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். அருவியைப் போல இரைந்த அந்தத் தண்ணீரைப் பார்த்து, “என்னடா தம்பி, இதோ வந்துட்டேன்” என்றேன்.