ஒரு பல் தள்ளி

பட்டறையில் அவருக்குப் பத்தெண்ணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஸ்டியரிங் வேலை முடிந்த எந்த வண்டியையும் அவரேதான் ஓட்டிப் பார்ப்பார். பட்டறைக்குப் பின்னால், கிடங்குகளுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத நேர்சாலை ஒன்று உண்டு. அங்கே போய் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து விரலளவு தூக்கிக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை வாய்விட்டு எண்ணுவார். பத்து வரும்வரை வண்டி கோடு தப்பாமல் போனால்தான் சாவி உரியவர் கைக்குப் போகும். ஏழில் சாய்ந்தாலும் திரும்ப ஜாக்கியில் ஏற வேண்டியதுதான்.

முப்பது வருடம் அப்படி எண்ணியவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

எண்ணெய் அழுத்தத்தில் திரும்பிய ஸ்டியரிங் போய், மோட்டாரால் திரும்பும் ஸ்டியரிங் வந்தபோது அவர் வயதுக்காரர்கள் பலர் டயர் கடைக்கு ஒதுங்கினார்கள். இவர் ஒதுங்கவில்லை. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் வண்டி சிக்னலில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கும். எஞ்சினை நம்பி ஸ்டியரிங் இருக்க முடியாது. அதனால்தான் மோட்டார் என்பதையெல்லாம் ஐம்பது வயதில் உட்கார்ந்து படித்தார். அந்த மெச்சத்தக்க மனிதர் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அது, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர். ‘நேரா இருக்கான்னு எனக்கு மெஷின் சொல்லணுமா?’ என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

விஷயம் என்னவென்றால், அந்த வண்டிகளில் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வண்டி தடுமாறினால் எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் போடுவது என்று அதுவே முடிவுசெய்யும். அதற்கு, ஓட்டுபவர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஸ்டியரிங் தண்டில் இருக்கும் சென்சார். ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டினால், ‘இதுதான் நேர்’ என்று அந்தச் சென்சாருக்கு ஸ்கேனர் வைத்துச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

அவருடைய அக்கா பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘என் கை நடுங்கி யாரும் பார்த்ததில்ல’ என்பது அவருடைய ஒரே பெருமை. ஓய்வுக்குப் பிறகு ஆசை ஆசையாய் ஒரு பழைய ஹைபிரிட் காரை வாங்கினார். ஒருநாள் ஸ்டியரிங் கல்லாய் இறுகி, சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பியிடம் கொண்டுவந்தார். தம்பி மோட்டாரைக் கழற்றிச் சுத்தமாகச் சரிசெய்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்ப மாட்டி ஓட்டியபோது, வண்டி நேராகப் போனாலும் ஸ்டியரிங் வளையம் கொஞ்சம் கோணலாக நின்றது.

முறைப்படி செய்வதானால், கீழே சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளைச் சரிசெய்து, பிறகு ஸ்கேனர் வைக்க வேண்டும். ஸ்கேனரைக் கையாளும் எலெக்ட்ரிக்கல் அம்மா வேறொரு வண்டியில் இருந்தார். “அரை மணி நேரம் பொறுங்க, நான் வந்து பாக்கறேன்,” என்றார். அக்கா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அக்காவின் முன்னால் இன்னொருவருக்காகக் காத்து நிற்பதா? பழைய வண்டிகளில் செய்வதுபோல் வளையத்தைக் கழற்றி, தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டி, நட்டை இறுக்கி, தன் வேலை என்பதற்கு அடையாளமாக வழக்கம்போல் தன் வெள்ளைப் பெயின்ட் பொட்டை வைத்தார். வளையம் நேரானது. பத்து வரை எண்ணினார். வண்டி கோடு தப்பவில்லை.

தண்டு கோணலாகவே இருந்ததால், சென்சாருக்கு மட்டும் வண்டி எப்போதும் சற்றே திரும்பிக்கொண்டிருந்தது.

“தம்பி, வளைவுல வண்டி தானா பிரேக் புடிக்குதுடா,” என்று அக்கா அடுத்த வாரம் போனில் சொன்னார்.

“அதுக்கு உன்னவிட புத்தி அதிகம்க்கா. விட்டுடு.”

இரண்டாவது முறை சொன்னபோது தம்பி சிரித்தார். மூன்றாவது முறை, “வயசாச்சுல்ல, எல்லாம் அப்படித்தான் தெரியும்,” என்றார். அந்த வாக்கியத்தை எடுத்து விழுங்கிவிட முடியுமா என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

தூறல் விழுந்த ஒரு காலையில், மேம்பாலத்து வளைவில், கார் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து இழுத்துச் சுழன்று தடுப்புச் சுவரில் மோதியது. அக்காவுக்குக் கீறல்தான். பக்கத்தில் இருந்த அத்தானுக்கு முழங்கால் நொறுங்கியது.

இழுத்துவந்த வண்டியில் எலெக்ட்ரிக்கல் அம்மா ஸ்கேனரை மாட்டினார். வளையத்தைக் கழற்றித் தண்டின் அடையாளக் கோட்டையும் பார்த்தார்.

“ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கு,” என்றார்.

“இடிச்சதுல திரும்பியிருக்கும்.”

“இடிச்சா பல்லு மாறாது. உங்களுக்குத் தெரியாததா?”

அவர் போனதும் பத்தெண்ணி ஒரு துணியில் தின்னரை நனைத்து, நட்டிலிருந்த தன் வெள்ளைப் பொட்டைத் துடைத்தெடுத்தார். முப்பது வருடத்தில் தன் பொட்டைத் தானே அழித்தது அன்றுதான். வண்டி உடைசலுக்குப் போனது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்தக் கைக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்டபோது வாய் வரைக்கும் வந்தது. அத்தானுக்குக் குணமாகட்டும் என்று தள்ளினார். பிறகு அக்கா மனம் தேறட்டும் என்றார். அக்கா அதன்பின் வண்டியைத் தொடவில்லை. அத்தான் படியேறும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் இவ ஓட்டின அழகு,” என்பார். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பத்தெண்ணியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், தரையைப் பார்த்துக்கொண்டு. இப்படியே ஐந்து வருடம் ஓடியது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் பட்டறையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். எலெக்ட்ரிக்கல் அம்மா மட்டும் கை கொடுத்துக்கொண்டே கேட்டார்: “உங்க அக்கா இப்ப வண்டி ஓட்டுறாங்களா?”

“இல்லம்மா.”

அவர் கையை விட்டுவிட்டு ஸ்கேனரோடு அடுத்த வண்டிக்குப் போனார். பத்தெண்ணி பரிசுப் பையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா சமையலறை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தின்னர் துணி உட்பட. சொல்லி முடித்தபோது வெட்கத்தில் காது சுட்டது.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அக்கா கீரையைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்தார்.

“அஞ்சு வருஷம்டா. பேத்தியத் தூக்கக்கூட பயந்தேன். கை நழுவிடுமோன்னு.”

“அக்கா…”

“லைசென்ஸ் போன மாசம் முடிஞ்சு போச்சு. புதுப்பிக்கலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். எதுக்கு, இன்னொரு காலையும் ஒடிக்கவான்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.”

உள்ளறையில் அத்தான் இருமுவது கேட்டது. பத்தெண்ணி மெதுவான குரலில், “நீயே பக்குவமா அத்தான்கிட்ட எடுத்துச் சொல்லிடுக்கா,” என்றார். அறுபது வயதில் அப்படிக் கேட்கவும் அவருக்கு வாய் வந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “நான் சொன்னா யாருடா நம்புவா? உன்கிட்ட மூணு தடவ சொன்னேனே.”

பத்தெண்ணி பரிசுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனார்.