ஒட்டிக்கொண்ட இலங்கை

நான் பொறாமைப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. சம்பள உயர்வு வாங்கிய சக ஊழியர், மாடி கட்டிய பக்கத்து வீட்டுக்காரர், ஐம்பதிலும் முடி கொட்டாத உறவினர். கடைசியாக வந்து முதலிடத்தைப் பிடித்தது, கை கால் முளைத்துத் தொப்பி போட்ட ஒரு பூமி உருண்டை. அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் தேசப்படங்கள் எங்கள் கம்பெனியின் சரக்கு. மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. முதலில் விழும் தாள்களெல்லாம் வேஸ்ட். எங்கள் ஊரில் நோட்டுக்கு அட்டை போட யாரும் காகிதம் வாங்குவதில்லை, அந்த வேஸ்ட் ஷீட்தான். மற்றப் பிள்ளைகளின் நோட்டில் பாதி மத்தாப்புப் பெட்டியும் மூக்கு விலகிய லட்சுமியும் இருக்கும். ஒன்றாம் வகுப்பு படித்த என் மகளின் நோட்டில் மட்டும் உலகம்.

அட்டை போட்டபடியே பாடமும் நடத்துவேன். "சாத்தூர் இதுல இல்ல, இங்கன இருக்குன்னு வச்சுக்கோ. ரயில் அப்படியே மேல போனா மதுரை."

"எங்க அப்பாவுக்கு எல்லா ஊரும் தெரியும்" என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள். காரியாபட்டியைத் தாண்டி நான் வடக்கே போனது அபூர்வம் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து வந்த மனைவியின் தம்பி தேசப்பட விளையாட்டு சிடி ஒன்று கொண்டுவந்தான். "அத்தான், இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம். பிள்ளை தானா படிச்சுக்கிடும்."

யார் கஷ்டப்பட்டார்கள்?

மவுஸால் நாடுகளை இழுத்து, அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். சரியாக வைத்தால் உருண்டை "வெல்டன்!" என்று கைதட்டும். தவறினால் "ட்ரை அகெய்ன்" என்று வருத்தப்படும், கோபமே இல்லாமல். அந்தப் பொறுமை எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. உருண்டையாக இருப்பது மட்டும்தான் தகுதியென்றால், அது என்னிடமும் இருந்தது.

புது ஷீட்டில் ஆப்பிரிக்காவை எடுத்துப் போனேன். திரும்பிப் பார்க்காமலே, "அங்கன வைங்கப்பா" என்றாள்.

தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, உருண்டையிடம் ஒரு பிழையாவது அகப்படுமா என்று தேடினேன். சம்பளம் வாங்காமல் நான் புரூப் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். ஒன்றும் அகப்படவில்லை.

ஒருநாள் அவள் இலங்கையை இழுத்து ராமேஸ்வரத்தோடு ஒட்டி வைத்தாள். ட்ரை அகெய்ன். மறுபடி ஒட்டினாள். ட்ரை அகெய்ன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா? அதுக்குச் சொல்லித்தரத் தெரியல. அப்பாட்ட கேளு."

அவள் ஓடிப்போய்த் தமிழ் நோட்டை எடுத்து வந்தாள். "ஒட்டித்தானப்பா இருக்கு! நீங்கதான அட்டை போட்டீக?"

அட்டையில் மஞ்சள் விலகி, தமிழ்நாடு கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் புகுந்திருந்தது.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஊர்ல உள்ளவுக தப்பெல்லாம் தேடிப் பிடிக்கீக. சொந்தப் பிள்ளை நோட்டு மட்டும் கண்ணுல படல, என்ன?"

மகள் தீவைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். உருண்டை கைதட்டியது. "அது சொன்னதுதாம்ப்பா சரி" என்று எனக்கு ஆறுதலாகவே சொன்னாள். அதன்பின் அவள் என்னிடம் எந்த ஊரையும் கேட்கவில்லை.

மின்வெட்டுக் காலம் வந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்காது. காலண்டர் ஆர்டர்கள் தேங்கிக் கிடக்க, அச்சகங்கள் அரசாங்கத்தைத் திட்டின. மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் அந்த நேரத்துக்காகக் கடிகாரம் பார்த்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம், மகள் வாசலில் சாக்கட்டியால் இந்தியா வரைந்தாள். என் கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து, உருண்டையின் குரலில் கேட்டாள்: "இலங்கை எங்க?"

ஒரு விரல் இடம்விட்டு வைத்தேன்.

"ட்ரை அகெய்ன்." வருத்தமாக, கோபமே இல்லாமல்.

அரை விரலாகக் குறைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வெல்டன்!"

கைதட்டத் தொடங்கினாள். இந்த வயதில் அவ்வளவு சந்தோஷம் வருமென்று நான் நினைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது. பாதிக் கைதட்டலில் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

தெருக்கோடி அச்சகத்தில் "வந்திருச்சுலே!" என்று யாரோ கூவினார்கள். நான் இலங்கையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.